முன் சக்கர பேரிங்கை வீட்டிலேயே மாற்றலாமா?

60 கி.மீ. வேகம் தாண்டினால் முன்பக்கம் உறுமுகிறது, பேரிங்கை நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் உங்கள் வண்டியில் இருப்பது நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) அழுத்திப் பொருத்தும் வகை என்றால், பிரஸ் இயந்திரத்தில் அழுத்தும் வேலையை மட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங்தான். வளைவில் எடை அந்தப் பக்கம் சாய்கிறது.

ஆக்ஸில் நட்டை (சக்கரத்தின் நடுவில் உள்ள பெரிய நட்டு) வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி, கூடவே ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பிக் கை வைக்காதீர்கள். காலிப்பரை (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் எடை விழக்கூடாது. நக்கிளைக் கழற்றி எடுத்துப் போங்கள்.

பட்டறையில் பக்கத்திலேயே நில்லுங்கள். நக்கிளுக்குள் இறக்கும்போது அழுத்தம் வெளி வளையத்தில்தான் விழவேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அது குண்டுகள் வழியே போய், அவை ஓடும் தடத்தில் கண்ணுக்கே தெரியாத பள்ளம் விழும். என் வண்டியில் அப்படித்தான் ஆனது. புது பேரிங் சில வாரத்திலேயே சத்தம் போட ஆரம்பித்தது. ஹப்பை (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) ஏற்றும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். சில ஏபிஎஸ் வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரை நோக்கி இருக்கவேண்டும்.

திரும்பப் பூட்டும்போது ஆக்ஸில் நட்டு புதிது போடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கிய பிறகே வண்டியை உருட்டுங்கள்.