டேட்டாபேஸ் திணறும்போது: கேள்வி பதில்

கேள்வி: ராத்திரியில் சட்டென்று முடியும் அதே குவெரி (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளை), கூட்டம் ஏறும் நேரத்தில் எட்டு நொடி இழுக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஸ்லோ குவெரி லாகை (மெதுவான குவெரிகளின் பதிவேடு) ஆன் செய்தும் ஒன்றும் பதிவாகவில்லை.

பதில்: லாங் குவெரி டைமை, அதாவது எத்தனை நொடியைத் தாண்டினால் பதிய வேண்டும் என்ற அளவை, மாற்றியிருக்க மாட்டீர்கள். டிஃபால்ட் 10 நொடி. எட்டு நொடி குவெரி அதில் எப்படிச் சிக்கும்? 1 ஆக்குங்கள். குளோபலாக மாற்றினால் புதுக் கனெக்‌ஷன்களுக்குத்தான் பொருந்தும், பூலில் (திறந்தே வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் தொகுப்பில்) ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய மதிப்பிலேயே ஓடும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: கனெக்‌ஷன் போதவில்லை என்று எரர் வந்தது. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 151-லிருந்து 1000 ஆக்கினேன். இன்னும் மோசம்!

பதில்: உடனே குறைத்துவிடுங்கள். 8 கோர் சர்வரில் ஒரே சமயத்தில் ஓட முடிவது கோர்களின் எண்ணிக்கையை ஒட்டித்தான். மிச்சமெல்லாம் உள்ளே வந்து மெமரியையும் லாக்கையும் (டேட்டாவின் மேல் போடும் பூட்டு) பிடித்துக்கொண்டு நிற்கும். அப்ளிகேஷன் பக்கம் சின்னதாக ஒரு பூல் வையுங்கள். வரிசை அங்கே நிற்கட்டும்.

கேள்வி: தேதி நெடுவரிசையில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இருக்கிறது சார். குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளெயினில் டைப் 'ஆல்' என்றே வருகிறது.

பதில்: குவெரியின் நிபந்தனைப் பகுதியில் (WHERE) அந்த நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது, டேபிள் முழுவதும் படிக்கப்படும். 'இன்று நள்ளிரவு முதல், நாளை நள்ளிரவுக்கு முன்பு வரை' என்று, நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போடாமல் எழுதுங்கள்.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரேயொரு ரோவை அப்டேட் செய்வது நிமிடக்கணக்கில் தொங்குகிறது. சிபியூ சும்மா இருக்கிறது.

பதில்: இதுதான் என்னை அதிகம் வாட்டிய நோய். சிபியூ சும்மா இருக்கிறது என்றால் குவெரி வேலை செய்யவில்லை, காத்திருக்கிறது. அதை எத்தனை டியூன் செய்தாலும் பலனில்லை. வழிமறிப்பவரைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் ஸ்டேட் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று, அதாவது தொடங்கிய வேலைத்தொகுப்பை முடிக்காமல் சும்மா, எது கிடக்கிறது என்று பாருங்கள். யாரை யார் மறிக்கிறார்கள் என்பதை பிஜி பிளாக்கிங் பிஐடிஸ் ஃபங்ஷன் சொல்லிவிடும். ஒருமுறை எங்கள் கோடிலேயே காரணம் இருந்தது: பிகின் போட்டு (வேலைத்தொகுப்பைத் தொடங்கி), ரோவை அப்டேட் செய்து, வெளி ஏபிஐ (வேறொரு சேவை) ஒன்றின் பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம்தான் கமிட் (முடித்து உறுதிசெய்தல்). அந்த ஏபிஐ தாமதித்த நேரமெல்லாம் லாக் விடவில்லை. ஏபிஐ அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்ததும் தொங்கல் நின்றது. ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட்டையும் (அப்படிக் கிடப்பதை வெட்டிவிடும் நேர வரம்பு) போட்டு வையுங்கள். டிஃபால்ட்டில் அது 0, அதாவது ஆஃப்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் சர்வரில் 32 ஜிபி ரேம். இன்னும் கூட்டலாமா?

பதில்: முதலில் டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடமான இன்னோடிபி பஃபர் பூலைப் பாருங்கள். டிஃபால்ட் 128 எம்பிதான். அதைக் கூட்டாமல் ரேமை மட்டும் ஏற்றுவது வீண்செலவு.