ஓடுபாதை தெரிந்தாலும் முதலில் மேலே ஏறுங்கள்

கேள்வி: நான் உப்புவெளியைச் சேர்ந்தவன். வெளிநாட்டில் விமானிப் பயிற்சி முடித்துவிட்டேன். அடுத்து பெரிய ஜெட் விமானத்துக்கான பயிற்சி. மலைகளுக்கு நடுவே இறங்கும்போது தரையில் மோதாமல் காக்கும் எச்சரிக்கைக் கருவியில் இருந்து ‘டெரெய்ன், புல் அப்’ (முன்னால் நிலம், மேலே இழு) என்று எச்சரிக்கை வந்தால், ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏற வேண்டுமா? ‘பெரும்பாலும் பொய் எச்சரிக்கைதான், முதலில் சரிபாருங்கள்’ என்கிறார், பயிற்சிக்கு இடம் எடுத்துத் தந்த ஏஜென்ட்.

பதில்: ஏற வேண்டும், தம்பி. ஏஜென்ட் சொன்னதை இன்றைக்கே மறந்துவிடுங்கள்.

அந்தக் கருவி பேசுவது இரண்டு விதம். மஞ்சள் எச்சரிக்கை வந்தால், மோதலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தை நிறுத்தி, பாதையைத் திருத்தலாம். சிவப்பில் ‘புல் அப்’ வந்தால் அரை நிமிடம்தான். சரிபார்க்க அதில் நேரம் கிடையாது. ‘சிங்க் ரேட்’ (இறங்கும் வேகம் அதிகம்) போன்ற மற்றக் குரல்கள் வேறு கதை, அவற்றை இங்கே எடுக்கவில்லை.

சிவப்பு வந்ததும் ஆட்டோபைலட்டைத் துண்டியுங்கள். எஞ்சினுக்கு முழு விசை. இறக்கைகளைச் சமமாக்கி மூக்கைத் தூக்குங்கள். போயிங்கில் முதலில் 20 பாகை. ஏர்பஸ்ஸில் ஸ்டிக்கை முழுதாகப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பீட்பிரேக், அதாவது வேகத்தைக் குறைக்க இறக்கை மேல் விரியும் தகடுகள், அதன் லீவர் உள்ளே போய்விட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். 1995 டிசம்பரில் கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிய போயிங் 757 விமானிகள் எச்சரிக்கை கேட்டதும் இழுத்தார்கள். ஆனால் ஸ்பீட்பிரேக் விரிந்தபடியே இருந்தது. 159 பேர் இறந்தார்கள். சக்கரத்தையும் ஃபிளாப்பையும் (இறக்கையின் பின் ஓரத்தில் இறங்கும் மடிப்புகள்) மலையைத் தாண்டியது உறுதியாகும்வரை தொடாதீர்கள்.

ஓடுபாதை தெரிகிறதே என்கிறீர்கள். இரவில் படகில் இருந்து சீனக்குடாப் பக்கம் பாருங்கள்: தூரத்து விளக்கு தெரியும், இடையில் நிற்கும் குன்று தெரியாது. மலையும் அப்படித்தான். இறங்க இறங்க ஓடுபாதையின் இந்தப் பக்கத்து விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்தால், நடுவில் ஏதோ நிற்கிறது.

விலக்கு ஒன்று உண்டு. அதைத்தான் எல்லாரும் தவறாகப் பிடிக்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பகல் வெளிச்சமாக இருக்க வேண்டும். அந்திப் பொழுது பகல் ஆகாது. வானம் தெளிவாக இருக்க வேண்டும். மெல்லிய புகைமூட்டமும் கூடாது. முன்னால் இடைஞ்சல் எதுவும் இல்லை என்பதை எச்சரிக்கை வருவதற்கு முன்பே கண்ணால் பார்த்து உறுதிசெய்திருக்க வேண்டும். குரல் கேட்ட பிறகு தலையைத் தூக்கித் தேடுவது கணக்கில் வராது. உங்கள் நிறுவனத்தின் கையேடும் அதை அனுமதிக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஏற வேண்டியதுதான். பக்கத்து இருக்கைக்காரர் ‘எனக்குத் தெரிகிறது’ என்று சொல்வது போதாது.

பொய் எச்சரிக்கை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஜிபிஎஸ் குழப்பத்தால் சில வான்பகுதிகளில் உயரே பறக்கும்போது பொய்க் குரல் வருவது உண்மை. அதை வைத்து, இறங்கும்போது வருவதையும் பொய் என்று எடுக்கக்கூடாது. 2012 மே மாதம் இந்தோனேசியாவின் சலாக் மலையில் மோதிய சுகோய் செயல்விளக்க விமானத்தில், தரவுத்தளக் கோளாறு என்று நினைத்து எச்சரிக்கையையே அணைத்தார்கள். 45 பேர் இறந்தார்கள். முதல் எச்சரிக்கைக்குப் பிறகு 24 வினாடிக்குள் இழுத்திருந்தால்கூடத் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது.

நம் நாட்டிலேயே 1974 டிசம்பர் 4 இரவு, கொழும்புக்கு இறங்க வந்த டிசி-8 மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி, ஹஜ் யாத்திரிகர்கள் உட்பட 191 பேரும் இறந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன் வாஷிங்டனுக்கு அருகே இன்னொரு விமானம் குன்றில் மோதியது. அதன் பின்னர்தான் அமெரிக்கா இந்தக் கருவியின் முந்தைய வடிவத்தைக் கட்டாயமாக்கியது. இத்தனை பேரைக் கொடுத்து வந்த குரலை ‘சரிபாருங்கள்’ என்கிறார் ஒரு தரகர்!

இந்தத் தரகர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். ‘மலை விமான நிலைய ஸ்பெஷல்’ என்று சிமுலேட்டரில் (தரையிலேயே பறப்பதுபோல் பழகும் இயந்திரம்) பயிற்சி நேரம் விற்பார்கள். கேள்வித்தாளையும் விற்பார்கள். காசு கட்டுமுன், அந்த சிமுலேட்டரும் நிலையமும் அங்கீகாரம் பெற்றவையா என்று சிவில் விமான சேவை அதிகாரசபையிடம் நீங்களே நேரில் கேளுங்கள். தரகர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்ப வேண்டாம்.

அங்கீகாரம் பெற்ற இடங்களிலும் குறை உண்டு. ‘இப்போது எச்சரிக்கை வரும், தயாராக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு எச்சரிக்கையைத் தருகிறார்கள்; பெட்டியில் ஒரு சரி போட்டால் பயிற்சி முடிந்தது. அப்புறம் வேலையில், மேலே ஏறியவரைக் கூப்பிட்டு எரிபொருள் கணக்குக் கேட்கிற அலுவலகங்களும் இருக்கின்றன. கேட்டால் எழுதிக் கொடுங்கள்: எச்சரிக்கை வந்தது, ஏறினேன். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

உங்கள் பயிற்றுநரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இரவு, ஸ்பீட்பிரேக் விரித்த நிலை, ஓடுபாதை விளக்கு எதிரே, முன்னறிவிப்பு இல்லாமல் சிவப்பு எச்சரிக்கை. அதைக் கை தானாகச் செய்யும்வரை திரும்பத் திரும்பப் பழகுங்கள்.