நனைத்த பிறகு மாட்டுங்கள்

வணக்கம்.

காரைக்குடியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். ரவிக்கை, சுடிதார் எல்லாம் முடித்த 11 பெண்களுக்கு இந்த வருடம் குயில்ட் சொல்லிக்கொடுத்தேன். துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வை அது. வீட்டில் கிடந்த பழைய கண்டாங்கியையும் கடையில் வாங்கிய புதுக் காட்டனையும் கலந்து, ஆத்தங்குடித் தரைப் பூக்கல் டிசைனில் ஆளுக்கொரு போர்வை தைத்திருக்கிறார்கள். 8 இஞ்ச் கட்டம், குறுக்கே 7, நீளத்தில் 11, சுற்றிலும் 2 இஞ்ச் கரை. உள்ளே பெரும்பாலும் பேட்டிங் ஷீட், அதாவது கடையில் வாங்கும் பஞ்சு விரிப்பு. இரண்டு பேர் மட்டும் வீட்டிலிருந்த இலவம்பஞ்சை வைத்தார்கள். ஒரு பெரிய வீட்டின் வளவில் (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில்) கயிறு கட்டி, கிளிப் போட்டுக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். புதுசாகத் தெரியட்டும் என்று யாரையும் துவைக்க விடவில்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்.

ஒரு பெண்ணுடையதில் முனைகள் சேரவில்லை. பிரித்துத் தை என்றால் அழுகிறாள். அமெரிக்காவில் ஜீஸ் பெண்ட் பெண்களின் குயில்ட்டுகளும் கோணலாகத்தானே இருக்கின்றன, அப்படியே மாட்டலாமா? முதல் பரிசை எதை வைத்து முடிவு செய்வது? விலை எப்படிப் போடுவது? இது நம்ம ஊர் வேலையே இல்லை என்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

தையல் ஆசிரியை, காரைக்குடி


அன்புள்ள டீச்சர்,

முதலில் வாழ்த்துகள். 11 பேர் ஆரம்பித்து 11 பேரும் முடித்திருக்கிறார்கள். தையல் தெரிந்த வீட்டு பீரோக்களில் மேல்துணியோடு நின்றுபோன குயில்ட்டுகள்தான் அதிகம். இரண்டாவது படத்தில் கண்டாங்கியின் கட்டத்தையே பூக்கல்லின் ஓரக்கோடாகத் திருப்பிப்போட்டிருக்கும் பெண்ணுக்கு நல்ல கண். கறுப்பை நடுவில் நிறுத்தி, கடுகு மஞ்சளைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறாள். இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

நம்ம ஊர் வேலையா என்பதற்கெல்லாம் நேரம் செலவழிக்காதீர்கள். வங்காளத்தில் காந்தா, வட கர்நாடகத்தில் கவுதி, கட்ச்சில் ரல்லி. நம் வீடுகளில் பழைய சேலையை நாலாக மடித்து, ஓட்டுத்தையல் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை உட்கார்ந்து எழுத வைத்தது வேறொரு வரி. ‘புதுசாகத் தெரியட்டும் என்று யாரையும் துவைக்க விடவில்லை.’ டீச்சர், துவைக்காத குயில்ட் இன்னும் முடியாத குயில்ட். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. நீங்களே வாய்ப்புக் கொடுத்துவிட்டீர்கள்.

பழைய கண்டாங்கி சுருங்க வேண்டியதெல்லாம் என்றோ சுருங்கி முடித்தது. புதுக் காட்டன் முதல் நனைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். 8 இஞ்ச் கட்டத்தில் 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய இரண்டரை நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்). பக்கத்துக் கட்டம் அசையாமல் நிற்க, இது மட்டும் இரண்டரை நூல் உள்ளே இழுத்தால் என்ன ஆகும்? கண்டாங்கி உப்பிக்கொண்டு நிற்கும், புதுத்துணியின் தையல் விறைக்கும். இரண்டையும் கலப்பதாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே புதுத்துணியை வெந்நீரில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டிருக்க வேண்டும். அதைச் செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்திருந்தால் பெருமையாக எழுதியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். முதல் துவைப்பில் எப்படியும் நடக்கப் போவதுதான், மாட்டுவதற்கு முன்பே நடக்கட்டும்.

அடுத்தது சாயம். செங்கல் சிவப்பும் கறுப்பும் வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று ஒவ்வொரு தையல் வகுப்பிலும் ஓதுகிறார்கள். நிற்காது. சாயத் தொட்டியில் உப்பு போடுவது சாயத்தை நூலுக்குள் ஏற்றுவதற்காக. சாயம் போட்டு, அலசி, கடைக்கு வந்துவிட்ட துணியில் மிஞ்சி நிற்கும் சாயத்தை உப்பும் பிடித்து நிறுத்தாது, வினிகரும் நிறுத்தாது. அது வெளியே போய்த் தீர வேண்டியதுதான். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தப் போர்வையைத் தனியாக வையுங்கள்.

ஏறாதவற்றை மிதமான சூட்டுத் தண்ணீரில், திரவ சோப்பு கொஞ்சமாகப் போட்டு, பத்து நிமிடம் கையால் அமுக்கி எடுத்தால் போதும். சாயம் விடுகிற போர்வைக்குத்தான் தண்ணீர் நிறைய வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் அண்டாவுக்கா பஞ்சம்? நல்ல சூடான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு, போர்வை முழுக்க மூழ்கி அதற்கு மேலும் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும். இரவு முழுக்க கிடக்கட்டும். காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் அதேபோல. தண்ணீர் தெளியும்வரை போர்வை காயக்கூடாது, இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது. பக்கத்துத் துணியில் இறங்கிய சாயம் ஈரத்தில் இருக்கும்வரை பெரும்பாலும் வெளியே வந்துவிடும். காய்ந்து, சூடும் பட்டுவிட்டால் அப்புறம் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஈரப்போர்வையைக் கயிற்றில் போடாதீர்கள். மூன்று அடுக்கும் தண்ணீர் குடித்துக் கனக்கும்போது அந்த எடை முழுவதும் கயிறு படும் வரியில் இறங்கும். ஓட்டுத்தையல் அங்கேதான் அறும். மொட்டை மாடியில் வேட்டி விரித்து, பூப்பக்கம் கீழே இருக்கும்படி படரப் போடுங்கள்.

இலவம்பஞ்சு வைத்த இரண்டையும் மட்டும் நனைக்க வேண்டாம். அந்த இழை வழுவழுப்பானது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. தலையணைக்குள் அடைக்க அதுதான் சுகம். போர்வையில் நனைந்தால் திரண்டு மூலைக்கு ஓடிவிடும், காயவும் நாளாகும். ஒரு பக்கத்துக் கரையையும் அந்தப் பக்கத்து ஓட்டுத்தையலையும் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, பழைய வேட்டியை இரண்டடுக்காக உள்ளே கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வெயிலுக்கு அதுவே தாராளம். பேட்டிங் ஷீட் வைத்தவர்களும் உறையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வலை ஒட்டிய ஷீட் என்றால் தையல் வரிகளுக்கு நடுவே 8 இஞ்ச் வரை தாங்கும். வலையில்லாத வெறும் காட்டன் ஷீட்டுக்கு 3 இஞ்சுக்கு மேல் இடைவெளி விட்டால் நாலைந்து துவைப்பில் உள்ளே கட்டி கட்டியாகிவிடும். ஐந்தாவது படத்தில் நடுப்பூவைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தையலே இல்லை. எந்த ஷீட்டாக இருந்தாலும் அது ஆகாது. அதை நனைப்பதற்கு முன் இன்னும் சில வரி ஓட்டச் சொல்லுங்கள்.

முனை சேராத போர்வைக்கு வருகிறேன். ரவிக்கை தைத்துப் பழகிய கை, பின்னால் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே துணி விட்டே தைக்கும். குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இஞ்ச், அதாவது இரண்டு நூல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அரை நூல் அதிகமாகப் பிடித்தால் இரண்டு பக்கத் துணியிலுமாகச் சேர்ந்து ஒரு தையலுக்கு ஒரு நூல் போகும். உங்கள் கட்டம் ஒவ்வொன்றும் நாலு துண்டு, குறுக்கே இரண்டு. ஆகவே குறுக்கே 14 துண்டு, 13 தையல், 13 நூல் நஷ்டம். ஒன்றே முக்கால் இஞ்சுக்கு ஒரு நூல்தான் குறைவு. ஒரு வரிசை இப்படிக் குறைந்து அடுத்த வரிசை சரியாக நின்றால் பூ எப்படிச் சேரும்? மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி ஒரு ஒட்டுநாடாவை ஒட்டி, துணி ஓரத்தை அதில் உரசிக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். தைத்த பிறகு முதல் வரிசையின் உள்மடிப்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையுடையதை இடப்பக்கமுமாக இஸ்திரி போட்டால் இரண்டு மேடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். முனை தானாக உட்காரும். கண்டாங்கி தடித்த நூல், எல்லா மடிப்பும் ஒரே பக்கம் விழுந்தால் குண்டுகட்டிக்கொண்டு ஊசியைத் தள்ளிவிடும். இதையெல்லாம் வெட்டுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள். அழுகிற பெண்ணிடம் பிரி என்பது என்ன நியாயம்? மூன்றடுக்கும் சேர்த்து ஓட்டிய பிறகு முனைக்காகப் பிரித்தால் பழைய துணி கிழியும். விடுங்கள்.

ஆனால் ஜீஸ் பெண்ட்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அலபாமாவின் அந்தக் கறுப்பினப் பெண்கள் வயலில் உடுத்தித் தேய்ந்த துணிகளில் தைத்தவை அவை. குளிருக்குப் போர்த்தி, துவைத்து, மறுபடி போர்த்தியவை. 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் சுவரேறின. 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. அந்தக் கோணல்கள் பட்டையை எங்கே முறிப்பது என்று கண்ணால் முடிவுசெய்து போட்டவை. உங்கள் மாணவியுடையது அரை நூல் பிசகு. இரண்டும் ஒன்றல்ல. அழகு என்று சொல்லி அவளை ஏமாற்ற வேண்டாம், காரணத்தைச் சொல்லுங்கள்.

அதே பெண்ணின் போர்வையில் கீழ்மூலை மடிந்து பின்பக்கம் கொஞ்சம் தெரிகிறது, கவனித்தீர்களா? கையால் ஓட்டியது. படத்தைப் பெரிதாக்கி எண்ணினால் இஞ்சுக்கு ஏழு, சில இடத்தில் எட்டு. மேலே தெரியும் தையலும் அடியில் தெரியும் தையலும் ஒரே நீளம், அடித்துணியில் ஒரு சுருக்கம் இல்லை. தரையில் அடித்துணியை இழுத்து ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தற்காலிகத் தையல் போட்டு, ஓட்டும்போதும் அதே வரிசையில் போனால்தான் இப்படி வரும். மெஷினில் ஓட்டிய மற்றவற்றில் மேல்துணி முன்னால் நகர்ந்து பின்னால் கொசுவம் விழுந்திருக்கும். திருப்பிப் பாருங்கள். பரிசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் வருகிறவர்கள் பின்பக்கத்தையும் பார்க்கும்படி மாட்டுங்கள்.

கிளிப் வேண்டவே வேண்டாம், மூன்றே நாளில் மேல்கரை அலையடித்துவிடும். பின்பக்கம் மேல் ஓரத்தில் 4 இஞ்ச் அகலத்துக்கு ஒரு துணிக்குழல் தைத்து அதற்குள் கம்பு செருகுங்கள். வளவின் திறந்த நடுவில் உச்சி வெயில் நேராக இறங்கும். தூண்களுக்கு உட்புறமாகத் தாழ்வாரத்தில் மாட்டினால் நிறம் தப்பிக்கும்.

விலை கேட்டிருந்தீர்கள். முதல் போர்வையை யாரும் விற்க வேண்டாம், வீட்டில் போர்த்திக்கொள்ளட்டும். அடுத்ததற்கு வெட்டிய நேரம், தைத்த நேரம், ஓட்டிய நேரம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஓட்டிய நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல்தான் எல்லோரும் விலையைக் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.