ஒளியை நெருங்கும் வேகத்தில் காலமும் தொலைவும்: கேள்வி பதில்

கேள்வி: ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டில் பிராக்சிமா சென்டாரி விண்மீனுக்குச் சென்றால் பயணிக்கு எவ்வளவு காலம் ஆகும், ஐயா?

பதில்: அவ்விண்மீன் ஏறத்தாழ 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், புவியிலிருந்து கணக்கிடுபவருக்கு அப்பயணம் 4.28 ஆண்டுகள் நீடிக்கும். பயணியின் கடிகாரமோ ஏழு மாதங்களைச் சற்றே தாண்டியிருக்கும். காலமும் நீளமும் எத்தனை மடங்கு மாறும் என்பதைச் சொல்லும் லோரன்ஸ் காரணி இந்த வேகத்துக்கு 7.09, புவியின் காலத்தை அதனால் வகுத்துக் கிடைத்த விடை இது. வேகம் எடுக்கவும் குறைக்கவும் ஆகும் காலத்தை நான் சேர்க்கவில்லை.

கேள்வி: நாலே கால் ஒளியாண்டை ஏழே மாதத்தில் கடந்தால், பயணியின் கணக்கில் அவர் ஒளியை முந்திவிட்டார் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. பயணியின் கணக்கில் அந்தத் தொலைவு நாலே கால் ஒளியாண்டு அன்று. அவரைப் பொறுத்தவரை கலம் அசையாமல் நிற்கிறது; புவியும் விண்மீனும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளியுமே அவரைக் கடந்து விரைகின்றன. எனவே அந்த இடைவெளி, இயங்கும் திசையில் மட்டும், அதே 7.09 மடங்கு சுருங்கி ஏறத்தாழ 0.6 ஒளியாண்டாகிறது. அதை 99 விழுக்காடு வேகத்தில் கடக்க ஏழு மாதங்களும் சில நாள்களும் போதும். புவியில் இருப்பவர் கால நீட்சி (விரையும் கடிகாரம் மெதுவாக ஓடுவது) என்று விளக்குவதையே பயணி நீளச் சுருக்கம் என்று விளக்குகிறார்; இரண்டும் ஒரே நிகழ்வின் இரு கணக்குகள். இவற்றைத் தனித்தனி விளைவுகளாகக் கருதி ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்குவதே இத்துறையில் நான் அடிக்கடி காணும் குழப்பம்.

கேள்வி: இதற்குச் சான்று உண்டா, வெறும் சமன்பாடா?

பதில்: எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்னும் துகள்களே சான்று. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மோதும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் இத்துகள்களின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி மட்டுமே. ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும் என்பதால், ஐன்ஸ்டைனின் சார்பியல் சொல்லும் இவ்விளைவு இல்லாவிட்டால் நூறு கோடியில் ஒன்றுகூடத் தரையை எட்டாது. எனினும் ஏராளமாக வந்து சேர்கின்றன. உதகையில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் நாள்தோறும் அவற்றைப் பதிவு செய்கிறது. 99.8 விழுக்காடு வேகத்தில் வரும் மியூவானின் ஆயுள் நம் கணக்கில் 16 மடங்கு நீள்கிறது. மியூவானின் கணக்கில் ஆயுள் அப்படியே இருக்க, 15 கிலோமீட்டர் வளிமண்டலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. ஐரோப்பியத் துகள் இயற்பியல் மையமான செர்ன் ஆய்வகத்தின் சேமிப்பு வளையத்தில் 1970களில் அவற்றைச் சுற்றவிட்டு அளந்தபோது ஆயுள் 64 மைக்ரோ நொடியாக நீண்டிருந்தது.

கேள்வி: இரட்டையரில் ஒருவர் விண்பயணம் சென்று திரும்பினால் அவரே இளையவராக இருப்பார் என்கிறார்கள். இயக்கம் சார்புடையது என்றால் இருவருமே மற்றவர் இளையவர் என்று சொல்லலாமே?

பதில்: நல்ல கேள்வி, 1911இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின் எழுப்பிய காலத்திலிருந்து பலரையும் தடுமாற வைப்பது. எண்களைக் கொண்டே பார்ப்போம். தங்கை 4 ஒளியாண்டுத் தொலைவுக்கு ஒளியில் 80 விழுக்காடு வேகத்தில் சென்று உடனே திரும்புகிறாள். அக்காவுக்குப் புவியில் 10 ஆண்டுகள், தங்கைக்கு 6 ஆண்டுகள். இருவரும் தத்தம் பிறந்தநாள்தோறும் ஒரு வானொலிச் செய்தி அனுப்பட்டும். விலகிச் செல்லும்போது மற்றவரின் செய்தி மூன்று ஆண்டுக்கு ஒன்றாகவும், நெருங்கி வரும்போது ஆண்டுக்கு மூன்றாகவும் வந்து சேரும். இதுவரை இருவருக்கும் வேறுபாடில்லை. ஆனால் தங்கை திரும்பியதுமே, அதாவது தன் பயணத்தின் சரிபாதியில், அவளுக்கு அக்காவின் செய்திகள் அடர்த்தியாக வரத் தொடங்குகின்றன: முதல் மூன்றாண்டில் 1, அடுத்த மூன்றாண்டில் 9, ஆக 10. அவள் திரும்பியதைத் தெரிவிக்கும் ஒளி அக்காவை எட்டுவதோ ஒன்பதாம் ஆண்டில்தான்: அதுவரை 3, எஞ்சிய ஓராண்டில் 3, ஆக 6. திசை மாறியவள் ஒருத்தியே. இருவரையும் சமமாக வைக்க முடியாததற்குக் காரணம் அதுவே.

கேள்வி: விரைந்து செல்லும் கலத்தைப் படம் பிடித்தால் தட்டையாகத் தெரியுமா?

பதில்: அளந்தால் சுருக்கம் கிடைக்கும், படத்தில் அப்படியே தெரியாது. கலத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வெவ்வேறு நேரத்தில் கிளம்பிய ஒளி ஒன்றாக வந்து சேர்வதால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது திரும்பி நிற்பதுபோல் தோன்றும். 1959இல் இயற்பியலாளர்களான டெரலும் பென்ரோசும் தனித்தனியே இதைக் காட்டினர்.

கேள்வி: நாம் அந்த வேகத்தை எப்போது எட்டுவோம்?

பதில்: நாள் குறிக்க எனக்குத் துணிவில்லை. நாசாவின் பார்க்கர் ஆய்வுக்கலம் 2024 டிசம்பரில் சூரியனை நெருங்கியபோது நொடிக்கு ஏறத்தாழ 192 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அது ஒளியின் வேகத்தில் 0.064 விழுக்காடே. ஒரு டன் எடையை 99 விழுக்காட்டுக்குக் கொண்டுசெல்ல, உலகம் முழுவதும் ஓராண்டில் செலவிடும் ஆற்றலுக்கு ஏறக்குறைய நிகரான ஆற்றல் வேண்டும், அதுவும் வீணாக்கமே இல்லாத இயந்திரத்தில். இலக்கில் நிற்பதற்கான செலவு தனி. போதாக்குறைக்கு, விண்மீன்களிடையே சிதறிக் கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றும் துகள் முடுக்கியிலிருந்து வரும் கதிரைப்போல் கலத்தின் முகப்பைத் தாக்கும். எனவே பயணிகளைக் காக்கும் கவசத்தின் எடையையும் அந்த ஒரு டன்னோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.