'ஷாங்காய் சர்ப்ரைஸ்': ஒதுக்கப்பட்ட படத்தை மீண்டும் எடைபோடுதல் – கேள்வி பதில்

கேள்வி: 1986இல் வெளிவந்தபோதே எல்லோரும் கைவிட்ட படம் இது. இப்போது இதைப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

பதில்: முதலில் கதையை நினைவூட்டிவிடுகிறேன். 1937இல் சீனாவின் ஷாங்காயை ஜப்பானியப் படை நெருங்கும் வேளையில், வால்டர் ஃபாரடே என்ற அபின் வணிகர் 1,100 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 500 கிலோ அபினுடன் தப்ப முயல, சரக்கு காணாமல் போகிறது. போரில் காயமுற்றவர்களின் வலியைத் தணிக்க அந்த அபினைத் தேடுகிறார் குளோரியா என்ற மிஷனரிப் பெண். அவராக நடித்தவர் பாடகி மடோனா. அவருக்குத் துணையாக அமர்த்தப்படுகிறவர், எப்படியாவது அமெரிக்கா போய்ச் சேர வேண்டும் என்று தவிக்கும் கழுத்து டை வியாபாரி. அவராக நடித்தவர் ஷான் பென். இதை நல்ல படம் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் அன்று இதன்மேல் சுமத்திய குற்றம் ஒன்று, இது உண்மையில் செய்த குற்றம் வேறொன்று என்பதை இத்தனை ஆண்டுகள் கழித்தாவது சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மடோனாவின் நடிப்புதான் படத்தைக் கெடுத்தது என்கிறார்களே?

பதில்: அவருடைய நடிப்பு தடுமாறுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. அந்த ஆண்டின் மோசமான நடிகைக்கான ராஸ்பெரி விருதும் அவருக்கே போனது. ஆயினும் 1985 ஆகஸ்டில் மணம்புரிந்த மடோனா–ஷான் பென் இணையரும் செய்தியாளர்களும் படப்பிடிப்பு நெடுக மோதிக்கொண்டே இருந்தார்கள். நிலைமை முற்றி, தயாரிப்பு நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவரான, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனே 1986 மார்ச் மாதம் லண்டனில் மடோனாவுடன் அமர்ந்து செய்தியாளர்களைச் சந்திக்க நேர்ந்தது. படம் திரைக்கு வருமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்றே சொல்வேன்.

உண்மையான பிழை எழுத்தில் இருக்கிறது. கட்டுப்பெட்டியான மிஷனரிப் பெண்ணும் கரடுமுரடான ஆணும் போர்ச்சூழலில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் கதையை, 1951இல் வந்த 'தி ஆஃப்ரிக்கன் குவீன்' ஏற்கெனவே செம்மையாகச் சொல்லியிருந்தது. அதில் அட்டையும் சேறும் அருவியும் பழுதாகும் படகும் அந்த இருவரையும் வேறுவழியின்றி நெருங்கவைக்கின்றன; நெருக்கம் வேலையிலிருந்து பிறக்கிறது. இங்கோ இருவரும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் துப்புத் தேடிப் போகிறார்கள். அந்த அலைச்சல் அவர்களுக்குள் எதையும் மாற்றுவதில்லை. தொலைக்காட்சியில் பெயர்பெற்ற இயக்குநர் ஜிம் கோடார்ட், இது சிரிப்புப் படமா சாகசப் படமா என்பதைக் கடைசிவரை முடிவுசெய்யவில்லை. தேர்ந்த நடிகை ஒருவர் நடித்திருந்தாலும் இந்தப் பாத்திரம் உயிர்பெற்றிருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கேள்வி: இதைப் 'போருக்கு முந்தைய சீனாவில்' நடக்கும் கதை என்று குறிப்பிடுவது சரியா?

பதில்: போர் 1939இல் தொடங்கியது என்னும் ஐரோப்பியக் கணக்கில் சரி, சீனர்களின் கணக்கில் பெரும் தவறு. 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் சீன, ஜப்பானியப் படைகளிடையே தொடங்கிய மோதல் முழுப் போராக விரிந்தது. ஆகஸ்ட் 13இல் ஷாங்காய்க்கு வந்த போர் மூன்று மாதத்துக்கும் மேல் நீடித்தது. ஆகஸ்ட் 14 அன்றே, வெளிநாட்டினர் நிர்வகித்த சர்வதேசக் குடியேற்றப் பகுதியிலும் பிரெஞ்சுப் பகுதியிலும் தவறி விழுந்த குண்டுகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரையானார்கள். சீனப் பகுதிகள் வீழ்ந்த பின்பு, அந்தக் குடியேற்றப் பகுதியும் பிரெஞ்சுப் பகுதியும் மட்டும் 1941 டிசம்பர் வரை ஆக்கிரமிப்புக்கு நடுவே தப்பி நின்றன. சீனர்கள் அந்தக் காலத்தைத் 'தனித்தீவு' என்றே அழைக்கிறார்கள். இரவு விடுதிகளில் விளக்கு எரிய, தெருக்களில் அகதிகள் நிறைந்திருந்த நகரம் அது.

அதே 1937 நவம்பரில், முதியவரும் ஒரு கையை இழந்தவருமான ழாக்கினோ என்ற பிரெஞ்சு இயேசுசபைத் துறவி, இரு தரப்புப் படைகளிடமும் பேசி, பழைய நகரின் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வலயமாக ஏற்கச் செய்தார். அங்கே அடைக்கலம் பெற்றவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். உண்மையில் வாழ்ந்த ஒரு மிஷனரியின் இத்தகைய வரலாறு கண்ணெதிரே இருக்க, படம் தன் மிஷனரிக்குக் காணாமல் போன அபினைத் தேடும் வேலையை மட்டும் தருகிறது; போர் திரைச்சீலையாகத் தொங்குகிறது, சீனர்கள் பெரும்பாலும் வழிகாட்டவும் மிரட்டவும் வந்துபோகிறார்கள். நான் சொன்ன குற்றம் இதுதான். அன்றைய விமர்சனங்கள் நட்சத்திர இணையரைப் பற்றிச் சொன்னவற்றோடு ஒப்பிட்டால், இதைப் பற்றிச் சொன்னது மிகக் குறைவு.

கேள்வி: காயமுற்றவர்களுக்கு அபின் என்பது நம்பும்படியான காரணமா?

பதில்: நம்பலாம். மார்ஃபின் அபினிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் ஷாங்காயின் அபின் வணிகத்தைத் தன் பிடியில் வைத்திருந்தது டூ யூயேஷெங் தலைமையிலான 'பச்சைக் கும்பல்' என்ற குற்றக் கும்பல். ஜப்பானிய ஆதிக்கப் பகுதிகளிலோ அபின் விற்பனை அரசு வருவாயாகவே நடத்தப்பட்டது. ஒரே பொருள் மருந்தாகவும் ஆயுதமாகவும் இருந்த அந்த முரணைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

கேள்வி: ஷாங்காயிலேயே எடுத்தார்களா?

பதில்: இல்லை. ஹாங்காங், மக்காவ், பிறகு இங்கிலாந்தின் படப்பிடிப்புத் தளங்கள். மக்காவின் போர்த்துகீசியத் தெருக்கள் பழைய துறைமுக நகரின் சாயலை ஓரளவு தருகின்றன.

கேள்வி: ஹாரிசனின் இசை எப்படி?

பதில்: படத்தின் மிகச் சிறந்த பகுதி. 'பிரெத் அவே ஃப்ரம் ஹெவன்' என்ற பாடலில் கீழைத்தேயச் சாயல் ஒப்பனையாக ஒட்டிக்கொண்டு நிற்காமல் மெட்டோடு கரைந்திருப்பதைக் கேட்டுப் பாருங்கள். படம் தோற்றதால் இசைத்தட்டுகூட வெளிவரவில்லை. இப்பாடலையும் 'சம்பிளேஸ் எல்ஸ்' என்ற பாடலையும் ஹாரிசன் 1987இல் தம் 'கிளவுட் நைன்' தொகுப்பில் சேர்த்துக் காப்பாற்றினார். உலகமே பாடகியாக அறிந்த மடோனா இதில் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை என்பதையும் கவனியுங்கள். அவருக்காக வந்த இரசிகர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவான படம், அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் டாலரே ஈட்டியது.

கேள்வி: முதல்முறை பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: துணை நடிகர்களை. ஃபாரடேயாக வரும் பால் ஃப்ரீமன், முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தின் வில்லன். பின்னாளில் ஹாரி பாட்டரின் வெர்னன் மாமாவாக அறியப்பட்ட ரிச்சர்ட் கிரிஃபித்ஸும் இருக்கிறார். எல்லோருக்கும் மேலாக விக்டர் வோங்கின் முகத்தைப் பாருங்கள். வசனம் கைவிடும் இடத்திலும் அவருடைய கண்கள் அந்த நகரத்தின் களைப்பையும் தந்திரத்தையும் சொல்லிவிடுகின்றன. இரவு விடுதிக் காட்சி வரும்போது மேடையையும் பாருங்கள்; பாடகராகச் சிறிது நேரம் நிற்பவர் ஹாரிசன்.