எடிட்டரை மூடினால் புக்மார்க் எங்கே போகிறது? கேள்வி பதில்

கோவை கணபதி, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) பட்டறை: நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரில் மெஷின் புரோகிராமைத் திறந்து, டூல் மாற்றும் வரிகளில் கன்ட்ரோல் எஃப்2 அடித்துப் புக்மார்க் குறி வைக்கிறேனுங்க. மறுநாள் சில சமயம் குறி இருக்கிறது, சில சமயம் இல்லை. ஏனுங்ண்ணா?

பதில்: குறி உங்கள் ஃபைலுக்குள் போவதே இல்லை. செஷன்.எக்ஸ்எம்எல் என்ற தனி ஃபைலில் வரி எண் மட்டும் பதிவாகும். பிரிஃபரன்ஸஸில் பேக்கப் பக்கத்தில் 'ரிமெம்பர் கரன்ட் செஷன்' டிக் இருக்கவேண்டும். டேப்பைத் திறந்தபடி விட்டு எடிட்டரை மூடினால் குறி தங்கும். டேப்பையே மூடினால் குறியும் போச்சு.

தங்கினாலும் நம்பாதீர்கள். மெஷினில் ஆபரேட்டர் மேலே இரண்டு வரி சேர்த்து ஃபைல் திரும்பி வந்தால், 5ஆம் டூலுக்கு வைத்த குறி வேறெங்கோ நிற்கும். அதைப் பார்த்து ஃபீடை (டூல் வெட்டி நகரும் வேகத்தை) மாற்றினால் ஜாப் ஸ்கிராப்தான். சர்ச் மெனுவில் மார்க் ஜன்னலைத் திறந்து, டூல் மாற்றும் கட்டளையான எம்06 என்று கொடுத்து, 'புக்மார்க் லைன்' டிக் செய்து 'மார்க் ஆல்' அழுத்துங்கள். எல்லா டூல் மாற்றமும் ஒரே அடியில் குறியாகிவிடும். சேமிக்கும் கவலையே இல்லை.

கரூர்: விண்டோஸ் நோட்பேடில் எப்படி?

பதில்: அதில் புக்மார்க்கே கிடையாதுங்க.

திருப்பூர்: விம் எடிட்டரில் சின்ன 'ஏ' குறி வைத்தேன். அடுத்த ஃபைலிலிருந்து அங்கே தாவ முடியவில்லை.

பதில்: சின்ன எழுத்து அந்தந்த ஃபைலுக்கு மட்டும். பெரிய எழுத்தில் வைத்தால் எந்த ஃபைலிலிருந்தும் தாவலாம். வெளியேறும்போது விம்இன்ஃபோ என்ற ஃபைலில் எழுதிக்கொள்ளும். விம்மிலிருந்து வந்த நியோவிம் எடிட்டரில் அந்த ஃபைலின் பெயர் ஷாடா. ஒழுங்காக வெளியேறினால்தான் எழுதும். கரண்ட் போனால் போனதுதான். இங்கேயும் வரி எண்தான், வெளியில் ஃபைல் மாறினால் நம்பாதீர்கள்.

ஈரோடு: ஈமாக்ஸ் எடிட்டரில் இந்தப் பயமே இல்லையே! பக்கத்து எழுத்துகளையும் சேர்த்து வைக்கிறது. எல்லா எடிட்டரையும் ஒரே தராசில் நிறுக்கலாமாங்க?

பதில்: நியாயம்தான். குறிக்கு முன்னும் பின்னும் 16 எழுத்து வைத்துக்கொள்கிறது. கட்டுரைக்கு அது போதும்.

ஈரோடு மறுபடி: புரோகிராமுக்கு மட்டும் போதாதா?

பதில்: சிஎன்சி புரோகிராமைப் பார்த்திருக்கிறீர்களா? டூலை வேகமாக மேலே தூக்கும் ஜி00 இசட்50 என்ற வரி டூலுக்கு டூல் வரும். பழைய இடத்திலிருந்து தேடிப்போய், அதே எழுத்து முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கே நின்றுகொள்ளும். அது 5ஆம் டூலா 6ஆம் டூலா என்று அதற்குத் தெரியாது. டூல் பெயரை அடைப்புக்குறிக்குள் புரோகிராமிலேயே எழுதுங்கள், எந்த எடிட்டரிலும் தேடலாம்.

ஈரோடு: அப்போ ஃபைல் குப்பையாகாதா?

பதில்: ஆகட்டுமுங்க. ஆபரேட்டருக்கும் அதுதான் வழிகாட்டி.

பொள்ளாச்சி: நோட்பேட் பிளஸ் பிளஸில் மறுநாள் குறி இல்லை, என்ன செய்ய?

பதில்: கணபதிக்காரருக்குச் சொன்னதேதான். மேலே போய்ப் படியுங்கள்.