லோவெல் மில் மியூசியம்: தறி ஓட்டின அப்பாவை கூட்டிட்டு போறீங்களா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல பாஸ்டன்ல இருக்கற ஒருத்தர், ஊர்லருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அப்பா 30 வருஷம் விசைத்தறி ஓட்டினவரு, பக்கத்து ஊரான லோவெல்ல, பழைய துணி மில்லுல இருக்கற பூட் காட்டன் மில்ஸ் மியூசியம் கூட்டிட்டு போகலாமா, 6 வயசு பையன் சத்தத்த தாங்குவானா, அரை நாள் போதுமான்னு கேட்டிருக்கார்.

கண்டிப்பா போங்க. நானும் வீவிங் செக்ஷன்ல வேல பாத்தவன்தான், அதனால சொல்றேன், உங்கப்பாவுக்கு அங்க கைடே வேணாம்.

கீழ்தளத்துல இருக்கற தறிக்கூடத்துக்கு மொதல்ல போயிடுங்க. 88 தறி இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணா ஓட்ட மாட்டாங்க, சிலது ஓடினாலே தரை அதிரும், பக்கத்துல நிக்கறவங்க பேசறது கேக்காது. வாசல்லயே காதுல வைக்க பஞ்சு மாதிரி பிளக் தருவாங்க, ஆனா சின்ன பசங்க காதுல அது நிக்காது, பையனுக்கு தலைல மாட்டற இயர்மஃப் ஒண்ணு வீட்லருந்தே எடுத்துட்டு போங்க. பயந்தான்னா அம்மாகூட மேல மாடிக்கு அனுப்பிடுங்க, அப்பாவ அவசரப்படுத்தாதீங்க.

அப்பாகிட்ட தறியோட ஓரத்த பாக்க சொல்லுங்க. நம்ம சாதா தறில ஊடை (குறுக்கு நூல்) தீந்தா தறிய நிறுத்தி நாடாவ (அந்த நூலோட குறுக்க ஓடற கட்டை) எடுத்து கையால தார் (நூல் சுத்தின குச்சி) மாத்தணும் இல்லையா, இங்க இருக்கற டிரேப்பர் கம்பெனி தறில ராட்டினம் மாதிரி வட்டமா தார் அடுக்கியிருக்கும், நூல் தீர்ற நேரத்துல ஒரு சுத்தியல் மாதிரி மேலருந்து ஒரே அடி, புது தார் நாடாக்குள்ள போயி காலி தார் கீழ விழுந்துடும், தறி நிக்கவே நிக்காது. 1890கள்ல வந்த விஷயம் இது, ஒரு ஆள் பாக்கற தறியோட எண்ணிக்கையே இதனாலதான் ஏறிச்சு. கண்ணிமைக்கற நேரத்துல நடக்கும், அதனால ஒரே தறிய விடாம பாக்கணும். கிட்டப்போயி தொட விடமாட்டாங்க, அதையும் முன்னாடியே அவர்கிட்ட சொல்லி வைங்க, கை சும்மா இருக்காது.

அப்புறம் மேல மாடி. மெரிமாக் ஆத்து தண்ணிய கால்வாய்ல திருப்பி மில்ல ஓட்டின கதை, கிராமத்துலருந்து வந்து விடுதில தங்கி வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல வேல பாத்த பொண்ணுங்க, கூலிய கொறச்சதுக்காக 1834லயே அவங்க வேலைய நிறுத்தினது எல்லாம் இருக்கு. இந்த பஞ்சு அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல அடிமைங்க பறிச்சதுங்கறத பையனுக்கு எளிமையா சொல்லிக் குடுங்க, அத விட்டுட்டா பாதி கதைதான்.

மியூசியத்துக்கு மட்டும் 3 மணி நேரம் வைங்க. நார்த் ஸ்டேஷன்லருந்து ட்ரெயின் முக்கா மணி நேரம், ஸ்டேஷன்லருந்து கொஞ்ச தூரம் நடக்கணும், பெரியவங்களுக்கு கார்தான் நல்லது. நேரம் சீசனுக்கு சீசன் மாறும், கெளம்பறதுக்கு முன்னாடி இந்த மியூசியத்த நடத்தற நேஷனல் பார்க் வெப்சைட்ட பாத்துட்டு, அன்னைக்கு தறி ஓடுதான்னு ஒரு போனும் போட்டுடுங்க, தறி ஓடலன்னா வேற நாள் போங்க.

வெளிய வரும்போது கடைல அந்த தறில நெய்த டவல் இருந்தா அப்பா கைல ஒண்ணு குடுங்க, விரல்ல தேச்சு பாத்து, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு இழை எண்ண ஆரம்பிச்சிடுவாரு.